ஒன்றும் ஆகாது என்று சொல்லக் கூடாது

ஆங்கிலத்தில் அஷ்யூர், என்ஷ்யூர், ரீஅஷ்யூர் என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. முகத்தைப் பார்த்தால் ஒரே வயிற்றில் பிறந்தவை போல இருக்கும். பழகினால்தான் ஒவ்வொன்றின் குணமும் வேறு என்று தெரியும். இவற்றை இவ்வளவு பக்கத்தில் பக்கத்தில் வைத்த மகராசன் யாரென்று தெரிந்தால், கோரிப்பாளையம் சந்திப்பில் சித்திரை மாத வெயிலில் நிற்க வைத்து, பச்சை விளக்கு எரிந்தாலும் போக விடமாட்டேன். அந்த அளவுக்கு என்னைப் பாடாய்ப் படுத்தியிருக்கின்றன.

அந்தச் சந்திப்புக்குப் பக்கத்தில்தான், ஒரு செல்போன் கடையின் மாடியில், நான் வகுப்பு நடத்துகிறேன். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு வேலைக்குப் போக நினைக்கிற நர்ஸ்களுக்கு ஓர் ஆங்கிலத் தேர்வு உண்டு. அதில் தேறினால்தான் விசா, வேலை எல்லாம். அந்தத் தேர்வுக்குத் தயார் செய்வது என் பிழைப்பு. கீழே எந்நேரமும் ஹாரன் சத்தம். மற்ற சொற்களைச் சொல்லித் தருவதற்கு அந்தச் சத்தமே எனக்கு உதவியாக இருந்திருக்கிறது. ஹியர், லிசன் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால், ‘இந்த ஹாரன் காதுல விழுதுல்ல, அது ஹியர். நீங்க எறங்க வேண்டிய ஸ்டாப்பைக் கண்டக்டர் சொல்றாரான்னு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்கள்ல, அது லிசன்’ என்பேன். சட்டென்று புரிந்துவிடும். இந்த மூன்று சொற்களிடம்தான் என் வித்தை எதுவும் பலிக்கவில்லை. பலிக்காமல் போனது ஓர் அக்காவிடம்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. அலங்காநல்லூர் பக்கத்தில் விவசாயக் குடும்பம். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நெடுங்காலமாக நர்ஸ். என்னைவிட வயதில் மூத்தவர். அவர் என்னை டீச்சர் என்பார், நான் அவரை அக்கா என்பேன். நைட் டூட்டி முடிந்த கையோடு, சிவந்த கண்ணும் பிதுங்கிய கைப்பையுமாக மாடிப்படி ஏறி வருவார். அவர் ஊசி போடக் கற்றுக்கொடுத்த பிள்ளைகளெல்லாம் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் பனியில் நின்று போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் அதே வார்டில், அதே மேனேஜரிடம், நாற்காலியில் உட்கார்ந்ததற்குக்கூடத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். “உக்காந்து ஒரு வாய் டீ குடிக்க விடுற எடத்துல ஒரு வருசமாச்சும் வேல பாக்கணும் டீச்சர்” என்பார். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

படிப்பது, எழுதுவது, கேட்பது எல்லாவற்றிலும் தேறிவிட்டார். பேசுவதில் மட்டும் தட்டிப்போனது. மறுபடி எழுதினார், மறுபடியும் பேச்சில் போச்சு. அவரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரி, அடுத்த தேர்வு வரைதான் இடத்தை வைத்திருப்போம், அதற்குமேல் வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டது. அவர் வயதுக்கு இன்னொரு ஆஸ்பத்திரி கூப்பிடும் என்கிற நம்பிக்கை அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. இந்தத் தடவை தேறியே ஆக வேண்டும்.

பேச்சுத் தேர்வு என்பது ஒரு சின்ன நாடகம். கையில் ஒரு அட்டை கொடுப்பார்கள். எதிரே இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் சொந்தக்காரராகவோ நடிப்பார். நர்ஸ் நர்ஸாகவே பேச வேண்டும். வகுப்பில் நோயாளி நான்தான். வராத வியாதி இல்லை எனக்கு. ஒரு நாள் சர்க்கரை, ஒரு நாள் கால் முறிவு. அன்றைக்கு எனக்கு மறுநாள் ஆபரேஷன்.

“பயமாக இருக்கிறது, நர்ஸ்” என்று ஆங்கிலத்தில் முனகினேன்.

அக்கா எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். “டோன்ட் வொர்ரி. நத்திங் வில் ஹாப்பன். ஐ அஷ்யூர் யூ” என்றார்.

அந்தக் கையின் கதகதப்பு இருக்கிறதே, உண்மையிலேயே எனக்கு ஆபரேஷன் என்றால் அந்தக் கையைத்தான் தேடுவேன். ஆனால் தேர்வில் கைக்கு மார்க் கிடையாது.

“அக்கா, இது தப்பு. அஷ்யூர்னா நிச்சயமா இப்படித்தான் நடக்கும்னு அடிச்சுச் சொல்றது. ஆபரேஷன்ல என்ன நடக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாதுதேன்.”

“என்ஷ்யூர்னா அது நல்லபடியா நடக்குறதுக்கு வேண்டியத நீங்களே பார்த்து முடிக்கிறது. ரத்தம் ரெடியா, மருந்து ரெடியான்னு பாக்குறீங்கள்ல, அது. ரீஅஷ்யூர்னா பயத்தைக் கொறைக்கிறது. பொய்யா வாக்குக் குடுக்காம கொறைக்கணும். உங்க கவலை புரியுதுன்னு சொல்லணும். எதுக்குப் பயப்படுறீங்கன்னு கேக்கணும். நடக்கப் போறதை விளக்கணும். அதத்தான் அவங்க எதிர்பாக்குறாங்க.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நம்மூர்ல போயி ஒரு ஆளுட்ட ‘உங்க கவல எனக்குப் புரியுது’ன்னு சொல்லிப் பாருங்க டீச்சர். சோலி முடிஞ்சுச்சு, அம்புட்டுத்தேன்னு நெனச்சு சாதி சனத்துக்கெல்லாம் போனப் போட்ருவாங்க. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லாத நர்சு என்ன நர்சு?”

“சரி, நாளைக்கு அந்த ஆளுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?”

“அதுக்கு மொத நா ராத்திரியாச்சும் நிம்மதியாத் தூங்கியிருப்பாருல்ல?”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. தேர்வு வைக்கிறவர்கள் எங்கோ குளிர்தேசத்தில் உட்கார்ந்து அளவுகோல் போட்டிருக்கிறார்கள். இங்கே மனுஷி தன் கண்முன்னே நூற்றுக்கணக்கானவர்கள் பயந்ததையும் தூங்கியதையும் பார்த்துவிட்டு வந்து நிற்கிறார். நடுவில் நான், பலகையும் மார்க்கரும் வைத்துக்கொண்டு.

அடுத்த நாள் தையல்காரரை இழுத்தேன். “ஜாக்கெட் தைக்கக் குடுத்திருக்கீங்க. ‘நாளைக்குக் கண்டிப்பா ரெடிம்மா’ன்னு சொல்றாரு, அது அஷ்யூர். ராவாப் பகலா உக்காந்து கையத் தச்சு ஊக்கு வச்சு முடிக்கிறாரு, அது என்ஷ்யூர். நாளைக்கு நீங்க போறப்ப துணி வெட்டவேயில்லை. உங்களுக்கு ஸ்டூலைப் போட்டு, ஃபேனை உங்க பக்கம் திருப்பி, ‘இந்தா, அடுத்து உங்கதுதாம்மா’ங்குறாரு. அது ரீஅஷ்யூர்.”

வகுப்பே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. “நடுவுல உள்ளத மட்டும் எந்தத் தையக்காரருஞ் செஞ்சு நான் பாத்ததில்ல” என்றார்.

அதுவும் வாஸ்தவம்தான். எங்கள் ஊரில் அஷ்யூர் செய்யாத ஆள் கிடையாது. கேஸ் சிலிண்டர்காரர், ஷேர் ஆட்டோக்காரர், குழாய் ரிப்பேர்க்காரர் எல்லாரும் அடித்துச் சொல்வார்கள். என்ஷ்யூர் செய்ய ஆளைத் தேடிக்கொண்டு வைகைப் பாலத்தைத் தாண்ட வேண்டும். எங்கள் வீட்டிலோ நாளை என்று ஆரம்பித்தாலே கூடவே ‘அல்லாஹ் நாடினால்’ என்கிற இன்ஷா அல்லாஹ் வந்துவிடும். மனசார நம்பிச் சொல்வதும் அதுதான், செய்ய முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லக் கூச்சப்பட்டுச் சொல்வதும் அதுதான். எனக்கு அது பிறந்ததிலிருந்து நாக்கிலேயே இருக்கிறது. ‘நாளைக்குக் காலையில கிளாஸ், இன்ஷா அல்லாஹ்’ என்று சொல்லித்தான் வகுப்பை முடிப்பேன். அக்கா ஒரு நாள் அதைப் பிடித்துக்கொண்டார். “நீங்க மட்டும் எதுக்கும் வாக்குக் குடுக்காமத் தப்பிச்சுக்கிறீங்க டீச்சர்” என்றார். நான் சிரித்தேன். ஆனால் அவர் வேடிக்கையாகத்தான் சொன்னாரா என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன்.

வாரக்கணக்கில் இதே கூத்து நடந்தது. நான் முனகுவேன். அக்கா தோளில் கை வைப்பார். வாய் திறந்தால் நத்திங் வில் ஹாப்பன். நான் மார்க்கரை மேஜையில் போடுவேன். ஒரு நாள் என்னையறியாமல், “இந்த ஒரு வாக்கியத்த மட்டும் வாயில இருந்து துப்பிருங்கக்கா, கோடி நன்மை கெடைக்கும்” என்று கத்தியேவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “இம்புட்டு வருசமாச் சொன்ன வாயி டீச்சர். ஒடனே திரும்புமா?” என்று மட்டும் கேட்டார்.

தேர்வுக்குச் சில நாள் இருந்தபோது என் அத்தாவுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், நெஞ்சு வலி வந்தது. அத்தா பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கடையில் உட்கார்ந்திருந்தவர் வேர்த்துக் கொட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போன ஆஸ்பத்திரி, அக்கா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி. ரத்தக் குழாயில் அடைப்பு, உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அம்மா சர்க்கரைக்காரர், வீட்டில் இருந்தார். அண்ணன் கோயம்புத்தூரில். வராண்டாவில் நான் மட்டும் அத்தாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து அக்கா வந்தார். யூனிஃபார்மில் அவரைப் பார்ப்பது அதுதான் எனக்கு முதல் தடவை. வகுப்பில் இருக்கிற கூச்சம் எதுவும் இல்லை. நடையே வேறு மாதிரி இருந்தது. எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, அத்தாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்லக்கா?”

அக்கா என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“உங்க கவலை எனக்குப் புரியுது” என்றார்.



“எதை நெனச்சு ரொம்பப் பயப்படுறீங்க, சொல்லுங்க” என்றார். “உள்ள டாக்டர் என்ன செய்றாருன்னு வெளக்கமாச் சொல்லவா?” என்று கேட்டு, கை நரம்பு வழியாக எப்படிப் போவார்கள், அடைப்பை எப்படி விரிப்பார்கள் என்று நிதானமாகச் சொன்னார். ஒரு வார்த்தையும் என் காதில் ஏறவில்லை. கடைசியாக, “எப்படி முடியும்னு என்னால இப்ப உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா என்ன தகவல்னாலும் நானே வந்து ஒங்ககிட்டச் சொல்லுவேன்” என்றார். என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு உள்ளே போனார்.

ஒன்றும் ஆகாது என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் சொல்கிற அக்கா, சொல்லாதீர்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்தியும் விடாமல் சொன்ன அக்கா, எனக்குச் சொல்லவில்லை. அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருக்க முடியும். அத்தா பிழைக்க மாட்டார். அதை என்னிடம் சொல்ல இவருக்கு மனசு வரவில்லை.

அண்ணனுக்குப் போன் போட்டேன். “ஒடனே கெளம்பி வாண்ணே” என்பதற்குமேல் பேச முடியவில்லை. அவன் மேலூரில் இருக்கிற மாமிக்குச் சொல்ல, மாமி ஊருக்கெல்லாம் சொல்ல, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் வராண்டா நிறைந்துவிட்டது. ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். பெரியத்தா பள்ளிவாசலில் துஆவுக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார். மாமி, உயிருக்குப் போராடுகிறவர்களுக்காக ஓதும் யாசீனைக் குர்ஆனிலிருந்து ஓத ஆரம்பித்தார். யாரோ மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்தார்கள். பாத்திரக் கடைத் தெருவில் பாதிக் கடைகளுக்கு ஷட்டரை இறக்கிவிட்டார்களாம். செக்யூரிட்டி வந்து, இத்தனை பேர் நிற்கக் கூடாது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார். “ஸ்டென்ட் வச்சாச்சு, நல்லா இருக்கார்” என்றார். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, “யாரு இறந்துட்டாங்க?” என்று கேட்டார்.

அத்தாவைப் பார்க்க என்னை மட்டும் விட்டார்கள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தவர், “கடையில யாரும்மா இருக்கா?” என்றார். கடையை அடைத்துவிட்டார்கள் என்றதும், “அடைப்பாய்ங்க, யாரு வீட்டுக் கடை!” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அழுதேன், சிரித்தேன். அதற்கப்புறம் கோபம் வந்தது. வெளியே வந்து அக்காவைத் தேடிப் பிடித்தேன்.

“ஏங்க்கா, உள்ள நெலமை மோசமா இருந்துச்சா?”

“இல்லையே டீச்சர். ஆரம்பத்துலேயே நல்லாத்தேன் இருந்தாரு.”

“அப்பறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?”

அவர் விழித்தார். “எப்படிச் சொன்னேன்? நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி ஒண்ணுவிடாமச் சொன்னேனே. கவல புரியுதுன்னேன், எதுக்குப் பயம்னு கேட்டேன், வெளக்குனேன், வாக்குக் குடுக்கல. தமிழ்ல சொன்னாலும் சரியா வந்துச்சுல்ல? நீங்க சந்தோசப்படுவீங்கன்னு நெனச்சேன்.”

ஒரு பிசகு இல்லை. அந்தப் பேச்சுக்கு முழு மார்க் போட வேண்டும். வராண்டா முழுக்க என் சொந்தபந்தம் நிற்கிறது, கையில் ஜம்ஜம் தண்ணீர் இருக்கிறது.

“ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்லக்கா!” என்று கத்திவிட்டேன். மாமி யாசீனை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அக்கா முகம் சுருங்கிப்போனது. அத்தாவுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும் என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கே அவரிடம் மன்னிப்புக் கேட்டிருந்தால் சரியாகியிருக்கும். அத்தா வீட்டுக்கு வந்தார், வகுப்பு தொடர்ந்தது, அக்காவும் வந்தார். நான் எதுவும் நடக்காதது போல மறுபடி நோயாளியாக முனகினேன். அவர் இப்போது தப்பே செய்யவில்லை. புரிகிறது என்றார், கேட்டார், விளக்கினார். தோளில் மட்டும் கை வைக்கவில்லை. சரி, தேறிவிடுவார் என்று நினைத்தேன். தேர்வுக்குச் சென்னைக்கு அனுப்பிவைத்தேன்.

திரும்பி வந்தவர் நேராக மாடிக்குத்தான் வந்தார். மதியம், வகுப்பில் வேறு யாரும் இல்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“மொத அட்ட நல்லா வந்துச்சு டீச்சர். ரெண்டாவது அட்டதேன்.”

“என்ன அட்டை?”

“ஒரு பொண்ணு. அவங்கப்பாவுக்கு ஆபரேசன். வெளிய நிக்கிது. அந்தப் பொண்ணுகிட்டப் பேசணும்.”

மார்க்கரை மூடி மேஜையில் வைத்தேன்.

“அந்தம்மா நடிக்கிதுன்னு தெரியுது டீச்சர். தெரிஞ்சாலும், ‘எங்கப்பா பொழச்சுக்குவாரா?’ன்னு கேட்டப்ப ஒங்க மூஞ்சிதேன் கண்ணுக்குள்ள வந்துச்சு. செருப்பக் கையில வச்சுக்கிட்டு நின்னீங்கள்ல. அந்தப் புள்ளையையும் அப்படி நிக்க விடுறதான்னு வாயில வந்துருச்சு.”

“என்ன வந்துச்சு?”

“நத்திங் வில் ஹாப்பன். ஐ அஷ்யூர் யூ.”

கீழே ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பலகையைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிய வேண்டும் போல இருந்தது. இத்தனை வாரம் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்ததை நானே ஒரு மதியத்தில் அழித்திருக்கிறேன். அவர் மேல் கோபப்பட முடியவில்லை. தேர்வு வைத்தவர்கள் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? அட்டையில் எழுதியிருக்கிற பெண்ணுக்கு அத்தா கிடையாது, செருப்பும் கிடையாது. அதை அக்காவுக்கு யார் சொல்வது?

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாஸாயிருவேன்ல டீச்சர்?”

சரியான வாக்கியங்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ரிசல்ட் வரும் வரை உறுதியாகச் சொல்ல முடியாது. மற்ற பகுதிகளில் நன்றாகச் செய்திருக்கிறீர்கள். வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் என்னால் சொல்ல முடியவில்லை. எழுந்துபோய் அவர் தோளில் கை வைத்தேன்.

“ஒண்ணும் ஆகாதுக்கா. நீங்க கண்டிப்பா பாஸ்” என்றேன்.

அவர் தலையாட்டினார். முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, “வாரேன் டீச்சர்” என்று அலங்காநல்லூர் பஸ்ஸைப் பிடிக்கப் படியிறங்கிப் போனார்.

ரிசல்ட் வந்தது. பேச்சில் மறுபடியும் போச்சு. வெளிநாட்டு ஆஸ்பத்திரி அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டது. நான் போன் செய்தபோது அக்கா வார்டில் இருந்தார். பின்னால் யாரோ அவரைத் திட்டிக் கூப்பிடுவது கேட்டது. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல், “மன்னிச்சிருங்கக்கா, அன்னைக்கு நான் வேற பாஸுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்” என்றேன்.

“அட விடுங்க டீச்சர். நீங்க சொன்னப்பவே எனக்குத் தெரியும்.”

“எப்படி?”

“நாளைக்குக் கிளாஸ் இருக்குன்னு சொல்றதுக்கே இன்ஷா அல்லான்னு சேத்துச் சொல்ற ஆளு நீங்க. அன்னைக்குச் சேக்கல. போச்சுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

அவரைத் திட்டுகிற குரல் இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது. “இந்தா வாரேன்” என்று அங்கே ஒரு சத்தம் கொடுத்துவிட்டு, போனுக்குத் திரும்பினார்.

“ஆனா ஒண்ணு டீச்சர். அன்னைக்கு பஸ்ல ஏறுனதுலருந்து ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் நல்லாத் தூங்குனேன்.”